மறையாத வள்ளம்

கைதட்டலைக் கொஞ்சம் கையிலயே வச்சுக்குங்க... முதல்ல ஒரு சின்னக் கதை. நல்லா இருந்தா அப்புறம் தட்டுங்க.

ஒரு ஓவியர். கடலோடிகள் வாழற ஒரு தீவுல போய்த் தங்கி, அந்தச் சனங்களை வரைஞ்சு தள்ளிட்டார். நகரத்து அருங்காட்சியகத்துல கண்காட்சி. தீவுக்காரங்களையும் கூப்பிட்டாங்க. வந்தாங்க... பார்த்தாங்க... "ஏய், உன் மூக்கைப் பாருடி!"ன்னு ஒரே சிரிப்பு!

சாயங்காலம். மூடற நேரம். எல்லாரும் வெளிய போயாச்சு. ரொசாரியம்மான்னு ஒரு அம்மா மட்டும் ஒரு படத்துக்கு முன்னால நிக்கறாங்க. நகரவே இல்லை! அதிகாரி குணசீலன் சாவிக்கொத்தோட வர்றார்.

"அம்மா, நேரமாச்சு. கிளம்புங்க."

"வள்ளம் இன்னும் மறையலயே, ஐயா."

"எந்த வள்ளம்?"

"இந்தா... இதுதான்!"

விஷயம் என்னன்னா, அந்தத் தீவுல ஒரு வழக்கம். வள்ளம் கடலுக்குப் போனா, அது கண்ணுக்கு மறையற வரைக்கும் கரையில நிக்கறவங்க முதுகு காட்டக்கூடாது. சரி... படத்துல இருக்கற வள்ளம் எந்தக் காலத்துல மறையும்? நீங்களே சொல்லுங்க!

குணசீலனுக்குத் தலை சுத்துது. "அம்மா, இது படம்மா!"

"படம்னு தெரியும். உள்ள உக்காந்திருக்கறது என் மவன் சூசை. நெசமாவே இன்னைக்கும் மீன் புடிக்கப் போயி கடல்லதான் கிடக்கான்."

"அப்ப ஒரு துணியைப் போட்டு மூடிடறேன். மறைஞ்சிடும்ல?"

"ஐயய்யோ! புள்ள மேலயா துணியப் போட்டு மூடுவீக?"

மனுஷன் ஆடிப்போயிட்டார். அந்தம்மா படத்துல இருக்கற மவனைக் காட்டறாங்க. "பாருங்கய்யா... கரையைத் திரும்பிப் பாக்கான். அந்நேரம் அவன் ஆத்தா முதுகையா பாக்கணும்?"

குணசீலன் கையை நீட்டினார். "பிடிச்சுக்குங்கம்மா. திரும்ப வேண்டாம்... அப்படியே பின்னாலயே வாங்க. தூண் இருக்கு... பார்த்து... படி வருது!"

வெளிய நின்ன சனம் பார்க்குது... ரெண்டு பேரும் ரிவர்ஸ்ல வர்றாங்க! ஆமா, அதிகாரியும்தான்! சூசைக்கு முதுகு காட்ட அவருக்கும் மனசு வரலை. வாசல் தாண்டினதும் படம் கண்ணுக்கு மறைஞ்சுது. அந்தம்மா சிலுவை போட்டுக்கிட்டுத் திரும்பினாங்க.

எதுக்குச் சொல்றேன்? நம்ம மங்கையர்க்கரசி டீச்சர் இன்னையோட ஓய்வு பெறுறாங்க. மாலை போட்டாச்சு... புகழ்ந்தாச்சு... அவங்க ஆட்டோ பள்ளிக்கூட கேட்டைத் தாண்டறதுக்குள்ள நாம எங்க இருப்போம்? பந்தியில! உண்டா இல்லையா?

சாப்பாடு எங்கயும் போயிடாதுங்க. அந்த ஆட்டோ தெருமுனை திரும்பற வரைக்கும் நில்லுங்க. டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க... நிச்சயமா பார்ப்பாங்க. அப்ப அவங்களுக்கு நம்ம முகம் தெரியணும்.