மனைக்கு நடுவில் இரண்டு கல்தூண்

1. டவுணிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருவர் உட்கார்ந்தார்கள்.
2. ஒருவர் சாத்தான்குளத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர். மற்றவருக்கு டவுணில் ஜவுளிக்கடை.
3. குளத்தங்கரையில் தாம் வாங்கப்போகும் வீட்டுமனையைப் பற்றி ஆசிரியர் சொன்னார்: "ரோடு இருக்கு, கரண்டு இருக்கு. மனைக்கு நடுவுல ரெண்டு கல்தூண் வேற நிக்கி அண்ணாச்சி. கொடி கட்டித் துணி காயப்போடத் தோதா இருக்கும்."

கடைக்காரர் மெல்லத் திரும்பினார். "தண்ணி எத்தன அடியில சார்வாள்?"

"ஆறே அடி! எங்க ஊர்ல அறுபதடி தோண்டணும். வீட்டுக்காரிகிட்ட, இனிமே நீ குடம் தூக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஐப்பசியில குடத்த வாசல்ல வச்சாப் போதும், தானா நெறையும்."

"என்ன சொல்லுதீங்க?"

"அது மடைத்தூண் சார்வாள். வயலுக்குத் தண்ணி தொறந்துவிட ராசா காலத்துல குளத்துக்குள்ள நட்டது. நீங்க வாங்கப்போறது கரை இல்ல, குளம்."

ஆசிரியர் கேட்டார்: "மாடி எடுத்துக் கட்டினா?"

"கட்டலாமே. கீழ்வீட்ட மீன் வளக்கக் குத்தகைக்கு விட்டுருங்க."

"சிரிக்காதீங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை பத்திரம் வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா நாளைக்கு அவ மனையப் பாக்க வாரா. அவகிட்ட நீங்களே சொல்லிருங்க."

ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்திருந்த கடைக்காரர் ஆர்ச் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

பத்திரப்பதிவு நின்றுபோன மாதிரிதான். ஆசிரியரின் மனைவிக்கு இன்னும் தெரியாது.