குளியல் வீட்டில் கூடிய காட்டுக் கூட்டம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! பனியிலும் பழுத்த பெரியோர்களே! காட்டைக் கண்ணெனக் காத்த தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புதிய மரக்கூழ் ஆலையின் நண்பர்களே! குர்கிலம்பிக் கூட்டுக்காட்டின் பங்குதாரர்களே! உங்கள் சில்வியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

ஏரிக்கரைக் குன்றை ஆலைக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம். மரத்திலிருந்து துணி வருமாம், எரிபொருள் வருமாம், காடும் அழியாதாம். வரட்டும்! வாழட்டும்! ஆனால் என் நினைவோ முப்பது ஆண்டு பின்னோக்கி ஓடுகிறது.

அடடா, அந்தக் குன்று! ஆகஸ்ட் பிறந்தால் வாளி வாளியாய் நீலப்பழம்! நாவெல்லாம் நீலம், நகமெல்லாம் நீலம்! அன்றும் ஓர் ஆலை அதை மொட்டையடிக்க விலை பேசியது. பேசியது யாரிடம்? ஆண்களிடம்! கூட்டம் நடந்தது இந்த மன்றத்தில். முடிவு பிறந்தது எங்கே? கூட்டம் கலைந்தபின் ஆண்கள் வியர்க்க வியர்க்க உட்காரும் நீராவிக் குளியல் வீட்டில்!

கணவர் இறந்து, பங்கு தன் கைக்கு வந்த ரைலி எழுந்தார். "நானும் பங்குக்காரிதானே? எங்கிட்டயும் கேளுங்க."

அன்றைய தலைவர் ஆவுலிஸ் சொன்னார்: "மிச்சத்தக் குளியல் வீட்டுல பேசிக்கறோம் ரைலி. நீ அங்க வருவியா என்ன?"

மன்றமே சிரித்தது. ரைலி சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டம் கொடும்பனியில். அது கலைந்ததும் துண்டைக் கட்டிக்கொண்டு குளியல் வீட்டுக்கு ஓடிய ஆண்கள் கதவைத் தள்ளினால், உள்ளே தாழ்! உள்ளே யார்? ரைலி, நான், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும்!

"ரைலி, கதவத் தொற! காது ஒறஞ்சு போச்சு!"

"பொறு ஆவுலிஸ், காட்டுக் கூட்டம் நடக்குது. இங்கதான் நடக்கும்னு நீதானே சொன்னே?"

யாரது பின்வரிசையில் சிரிப்பது? ஆவுலிஸா! சிரியுங்கள், சிரியுங்கள், அன்று உங்கள் பல் தந்தியடித்ததே!

ஆண்கள் உடுத்திக்கொண்டு இந்த மன்றத்துக்கே திரும்பினார்கள். ஈரத் தலையோடு நாங்களும் வந்தோம். ரைலி பேசினார்: "வெட்டவே வேணாங்கல. நானும் மரம் வித்துத்தான் பொழைக்கணும். முத்தினதாப் பாத்து வெட்டுங்க. நெழல் போனா பழச்செடி போயிடும்."

கூரை மாற்ற அந்தப் பணத்தை நம்பியிருந்த ஆவுலிஸ் கொதித்தார். வாக்கெடுப்பில் அவர் தம்பியே ரைலிக்குக் கை தூக்கினார்! அந்தக் குளிர்காலம் முழுக்க ஆவுலிஸ் இருவரோடும் பேசவில்லை.

இன்று ரைலி இல்லை. குன்று நிற்கிறது.

வளம் நிலைக்கும் என்கிறார்களே, யாருக்கு நிலைக்கும்? யாரைக் கேட்டு நிலைக்கும்? இன்று அந்தப் பழத்தைப் பறிப்பவர் யார்? தாய்லாந்திலிருந்து வந்து, நம் பழைய பள்ளிக்கூடத்தில் படுத்து, முதுகொடியக் குனிபவர்கள்! அவர்களில் ஒருத்தி, பிரானி, நேற்று என்னிடம் கேட்டாள்: "அக்கா, குன்ற வெட்டிட்டா அடுத்த வருசம் நாங்க எங்க போறது?" உங்களுக்குப் பதில் தெரியுமா?

அவர்கள் வெளியே வண்டியருகே நிற்கிறார்கள். நான்தான் வரச் சொன்னேன். தலைவர் அவர்களே, வாக்கெடுப்புக்கு முன் அவர்களை உள்ளே அழையுங்கள். இடமில்லை என்றால் இதோ, என் நாற்காலி. நான் நின்றுகொள்கிறேன்.

செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!