மூக்கு இரவல்

— அந்த பாட்டிலைத் தூரப் போடு லாய்ட். செர்ரிப் பழமாம்! இருமல் மருந்தைத் தரையில கொட்டின மாதிரி நாறுது.

— எனக்கென்ன தெரியும் டோரீன்? அந்தக் காய்ச்சலோட மூக்கு செத்துப்போய் ரெண்டு வருஷமாச்சு. மேலே இருக்கற படத்தைப் பாத்துத்தான் வாங்கினேன். படத்துல செர்ரி நல்லாத்தான் இருந்துச்சு.

— படத்தைப் பாத்து வாங்க நீ என்ன கைக்குழந்தையா? மேசை முழுக்க பாட்டில். ஒரு காரைக் கழுவவா, ஊரையே கழுவவா?

— வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தா கடையில வாங்கிக்குவாங்க. அதுக்குத்தானே பக்கத்து வீட்டு மூக்கை இரவல் கேட்டேன்.

— சரி, கேளு. முதல்ல வெளிப்பக்கம். ஏரி ஈசல் அப்பிக்கிட்டுக் கெடக்கு. சிவப்பு கார்வெட் காரா இது? மிளகு தூவின தக்காளி மாதிரி இருக்கு.

— ஜூன் மாசம் ஏரிக்கரையில எந்த வண்டிதான் அப்படி இல்ல? பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேய்ச்சா...

— தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் எங்க வண்டி மெழுகையெல்லாம் வழிச்சு எடுத்தார். இந்த நீல ஷாம்பு போதும். ஈசல் மேல ஈரத் துணியைப் போட்டு ஊற வை, சுரண்டாதே. அப்புறம் ஒட்டின அழுக்கை எடுக்கற இந்தக் களிமண் கட்டியால வழவழன்னு வர்ற வரைக்கும் இழு. கடைசியா மெழுகு. பீச்சுற மெழுகு இல்ல, டப்பா மெழுகு.

— வெளியே எப்படியோ போகட்டும் டோரீன். ஷெல்லி வெளியே தொங்கிக்கிட்டு வரப் போறதில்ல.

— அட! உன் பொண்ணு உன் வண்டியில ஏறச் சம்மதிச்சுட்டாளா?

— சனிக்கிழமை அவ கல்யாணத்துக்கு நானே அவளை சர்ச் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினேன். "பாக்கலாம்"னாளாம். ரெண்டு வருஷத்துல எனக்குன்னு அவ வாயில இருந்து வந்த ஒரே வார்த்தை.

— அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து, அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு அம்மாவைப் பத்திப் பேசுறா. நீ எங்க இருந்தே?

— இந்த வண்டிக்குள்ள. சுருட்டோட.

— நுரையீரல் கெட்டுச் செத்த பொம்பளைக்கு நல்ல மரியாதை.

— தெரியும் டோரீன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லார் முன்னாடியும் அழ வெக்கமா இருந்துச்சு. ஓடி வந்து இதுக்குள்ள உக்காந்துட்டேன். வாயில என்ன இருக்குன்னு ஷெல்லி கதவைத் திறக்கற வரைக்கும் எனக்கே தெரியல. "இந்த நாத்தம் போற வரைக்கும் உன் வண்டியிலயும் ஏற மாட்டேன், உன் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன்"னா. அன்னிக்கே சுருட்டை விட்டுட்டேன். ஆஷ்ட்ரேவைக் கழட்டி ஏரியில வீசினேன். அந்தக் குளிர்காலமே மூக்கும் போச்சு. நாத்தம் போச்சா இருக்கான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க?

— சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. உள்ளே போடறதுக்கு என்னென்ன இருக்கு? இந்தத் தோல் கிளீனர் பரவாயில்ல, வாசனையே இல்ல. மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால துடை. கம்பளத்துல சமையல் சோடாவைத் தூவி விட்டு, மறுநாள் உறிஞ்சி எடு. கண்ணாடியில தொங்க விடுற வாசனை அட்டை எதுவும் கூடாது. வாசனை அடிச்சாலே எதையோ மறைக்கிறேன்னு புரிஞ்சிக்குவா. கதவைத் திற, நான் உக்காந்து மோந்து பாக்குறேன்.

— மெதுவா. சீட்டு முன்னாடி தள்ளியிருக்கு, முட்டி இடிக்கும்.

— எனக்குச் சரியாத்தானே இருக்கு.

— நீ குள்ளம். பின்னாடி தள்ளி வச்சிட்டுப் போவேன், மறுபடி வந்து பாத்தா முன்னாடி இருக்கும். உள்கண்ணாடியும் அப்படித்தான், கீழே திரும்பியிருக்கும். எப்ப செஞ்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டத்தான் சொல்றேன். அதான் டோரீன், புத்தி நேரா இருக்கும்போதே அவளை ஒரு தடவை பக்கத்துல உக்கார வச்சு...

— லாய்ட்.

— என்ன? நாறுதா?

— கேளு. பழைய புகைக்குத்தான் சோடா. இது பழசில்ல. நேத்து குடிச்சது. பொய்யைச் சொல்லி, என் மூக்கையும் சாட்சிக்கு இழுத்து, அந்தப் பொண்ணை ஏமாத்தப் பாக்குறியா?

— என் பொண்டாட்டி ஜோன் கல்லறை மேல சத்தியமா நான் தொடல!

— ஊது.

— என்னது?

— என் மூஞ்சிக்கு நேரா ஊது. ம்... வெங்காயம். சட்டைக் கையை நீட்டு. சோப்பு. அட, நெஜமாவே நீ இல்ல.

— அதைத்தானே தொண்டை கிழியக் கத்துறேன்.

— இரு இரு. இது சுருட்டே இல்ல. புதினா வாசம் வருது. நீ எப்பவாவது புதினா சிகரெட் பிடிச்சிருக்கியா?

— அதுக்கு நான் பல்லு விளக்கிட்டுப் போயிடுவேன்.

— நேத்து எங்க போயிருந்தே?

— வேற எங்க? மீன் பிடிக்க. புதன்கிழமைன்னா நான் படகுலதான் இருப்பேன்னு ஊருக்கே தெரியுமே.

— கராஜைப் பூட்டிட்டுத்தான் போவியா?

— பூட்டாமலா? நம்பர் அழுத்தினாத்தான் கதவு திறக்கும். நம்பர் யாருக்கும் தெரியாது. ஜோன் பிறந்த நாள். அவ வச்சது. மாத்த மனசு வரல.

— அவ பிறந்த நாள் உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாதாக்கும்? சரி, சீட்டை முன்னாடி இழுத்து, கண்ணாடியைக் கீழே திருப்பி உக்காருற ஆள் எவ்வளவு உயரம் இருக்கும் லாய்ட்?

— என் தோளுக்கு இருக்கும். அவ அம்மா உயரம்... இல்ல டோரீன். இருக்காது. ஷெல்லிக்குப் புகைன்னாலே ஆகாதே!

— எல்லார் முன்னாடியும் அழ வெக்கப்படுற ஆளு உங்க குடும்பத்துல நீ ஒருத்தன்தான்னு நெனச்சியா?

— படி மிதிக்க மாட்டேன்னா. மிதிக்கலதான். நேரா இங்க வந்து உக்காந்திருக்கா.

— கைக்குட்டை வேணுமா? இந்தா, துணி. புதுசுதான், வண்டி துடைக்க வாங்கினது.

— அப்போ எனக்கு மறதி இல்லையா?

— மறதியும் இல்ல, மண்ணும் இல்ல. கண்ணைத் துடை. இப்ப என்ன, உள்ளே சோடாவைத் தூவவா வேணாமா?

— வேணாம். ஷாம்பும் மெழுகும் மட்டும் இருக்கட்டும், மத்ததையெல்லாம் பையில போடு. கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டு, இந்த வண்டிக்கு ஒரு ஆஷ்ட்ரே கிடைக்குமான்னு கேக்கணும்.