பதினான்காம் முழத்தில் நிறுத்தச் சொன்னவர்

வெயிலுக்கு அஞ்சாத மேனியும், வஞ்சம் அறியாத நெஞ்சும், வாய் நிறைந்த பாட்டும், வயிறு குலுங்கும் சிரிப்பும் வாய்க்கப்பெற்ற வள்ளலே! மண்ணை மோந்தே மழையைச் சொல்லும் மாண்பினரே! இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பாடசாலைக்கு மணியும் வேலியுமாய் விளங்கிய சந்தியோகு அண்ணையே!

உங்கள் பிரியாவிடைக்கு இப்படியே நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார் தலைமையாசிரியர் செபநாயகம் அவர்கள். சென்ற வெள்ளிக்கிழமை அதை அவர் வாசித்துக் காட்டியபோது, "சட்டம்பியார், உது என்னைப் பற்றியோ, செத்துப்போன ஆரோ ராசாவைப் பற்றியோ?" என்று கேட்டுவிட்டீர்கள். ஆகவே மிச்சத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் உங்களுக்கு விளங்கும் தமிழில் எழுதுகிறோம்.

நீங்களும் தலைமையாசிரியரும் ஒருவருக்கொருவர் ஏணி வைத்தாலும் எட்டாதவர்கள். அவர் புத்தகம் படித்துக்கொண்டே நடந்து வேலியில் முட்டுபவர். நீங்களோ பெருநாள் வந்தால் லீவு கேளாமலே கூத்துப் பார்க்கப் போய், மூன்றாம் நாள் கட்டிய தொண்டையோடு வந்து மணி அடிப்பவர். பின்னேரங்களில் பூவரச மரத்தடியில் அவர் பத்திரிகை வாசிப்பார், நீங்கள் குறட்டை விடுவீர்கள். திடீரென்று விழித்து நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள், அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு யோசிப்பார். இந்தச் சிநேகிதம் எங்கே தொடங்கியது என்று அவர் எவருக்கும் சொன்னதில்லை. போன கிழமைதான் எங்களை அழைத்துச் சொன்னார்.

1921ஆம் ஆண்டு ஆவணி. தை மாதப் பரிசோதனைக்கு முன் குடிதண்ணீர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும் என்று கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. கிணறு வெட்ட வந்தவர் நீங்கள். பதினான்காம் முழத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. "இதோடை நிப்பாட்டுவம், சட்டம்பியார். இன்னும் கீழை போனால் உவர் மேலை ஏறும்" என்றீர்கள். ஆழம் கூடினால் நீரும் கூடும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தை நம்பி, இன்னும் இரண்டு முழம் வெட்டச் சொன்னார் அவர். மூன்றாம் நாள் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவராகிவிட்டது.

செய்தி கேட்டு, பள்ளிக்கூடத்தை நடத்தும் மனேச்சர் வந்து, யார் பிழை என்று சத்தமிட்டார். செபநாயகம் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். "நான்தான் வெறியிலை ரண்டு முழம் கூட வெட்டிப்போட்டன், ஐயா" என்றீர்கள் நீங்கள். அன்று நீங்கள் கள்ளைத் தொட்டிருக்கவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு தலைமையாசிரியர் கேட்டதற்கு, "எனக்கு வேறை கிணறு கிடைக்கும். உங்களுக்கு வேறை பள்ளிக்கூடம் கிடைக்குமோ?" என்றீர்களாம்.

அந்த இரண்டு முழத்தையும் கல்லாலும் களிமண்ணாலும் தூர்த்து, மாரிக்குக் காத்திருந்தீர்கள். மழை பெய்தது, தண்ணீர் இனித்தது, பரிசோதகர் குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் பிழைத்தது. ஆனால் 'உவர்ச் சந்தியோகு' என்ற பெயர் ஊரெங்கும் பரவி, அதன்பின் ஒருவரும் உங்களைக் கிணறு வெட்ட அழைக்கவில்லை. மணியடிக்கும் வேலையைத் தலைமையாசிரியர் தேடித் தந்தார். உண்மையை மட்டும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் தமக்கு மட்டும் இன்றும் உவர்க்கிறது என்று எங்களிடம் சொல்லி அழுதார்.

அடுத்த வரிகளை அவர் தம் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார். சபை முன்னே அவரே எழுந்து வாசிப்பார்:

"ஆழமாக வெட்டச் சொன்னவன் நான். வேண்டாமென்றவர் சந்தியோகு. பயத்தில் நான் பேசாமல் இருந்தேன். செபநாயகம்."

அண்ணை, உங்கள் கைகால் சுகமாக இருக்கட்டும், பாட்டுக்குத் தொண்டை ஒத்துழைக்கட்டும், நூறு மாரி காணுங்கள். இம்மடலின் ஒரு பிரதி உங்களுக்கு. மற்றையது சட்டமிடப்பட்டுக் கிணற்றைப் பார்த்த சுவரில் தொங்கும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, தண்ணீர் அள்ள வருகிறவர்கள் வாசிக்கட்டும்.

இங்ஙனம்,
நீங்கள் வெட்டிய கிணற்றில் நீர் குடிக்கும்
ஆசிரியர்கள்
பண்டத்தரிப்பு, மார்கழி 1943