ஒரு பக்கச் சிறகு

காடைக்குக் கூண்டு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் கூரையை உயரமாக வைத்துத்தான் கெடுக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், சார்ஜன். வாயில்லா ஜீவன், நன்றாக நின்று நடமாடட்டும் என்று இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். முதல் வாரத்திலேயே மூன்று செத்துப்போயின. காடை பயந்தால் ஓடாது. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எகிறும். எகிறிய வேகத்தில் கம்பியில் மண்டை இடித்துக் கழுத்து முறிந்துவிடும். அதனால் கூரையைத் தாழ்த்த வேண்டும். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல், அவ்வளவு போதும். எகிற இடம் இல்லாவிட்டால் அடிபடவும் வழி இல்லை.

நீங்கள் கேட்டது பிரேக்கைப் பற்றி. தெரியும், வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். அதற்கு முன்னால், ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே லோகன், அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் மகள் ஷாமளாவின் மோட்டார் சைக்கிளை அவன்தான் பழுது பார்ப்பான். பீடோங்கில் அவன் பட்டறை மாதிரி சுத்தமான பட்டறை கிடையாது. அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை நான் பொறுப்பாகச் சொல்கிறேன்.

பக்கிரிசாமி, வயது அறுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டீர்கள். பீடோங்கைத் தாண்டி உள்ளே போகிற செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக ஆள்களை வேலை வாங்கினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கீழே நாற்பது பேர். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. வீட்டில்தான் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன். ஷாமளாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அம்மா காஞ்சனா, தைப்பிங்கில் தம்பி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று பஸ் ஏறினாள். திரும்பி வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டதே நான்தான். கதவைத் திறந்து போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பிள்ளையை நான் தனியாகத்தான் வளர்த்தேன். இந்தக் கையால்தான் தலை பின்னிவிட்டேன். அதைத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். படித்தாள், கூலிமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்குப் போனாள். நடுவில் இரண்டு தடவை கிளம்பப் பார்த்தாள். முதலில் பினாங்கில் ஒரு வேலை. அப்புறம் ஈப்போவில் ஒரு சம்பந்தம். இரண்டு தடவையும் எனக்கு நெஞ்சு வலி வந்தது. வலி நிஜமா என்று கேட்காதீர்கள். அவள் போகிறாள் என்று நினைத்தால் வலிக்கத்தான் செய்தது. நான் நெஞ்சில் கையை வைத்துக் கீழே உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இரண்டு தடவையும் அவள் போகவில்லை.

போன தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து இருபது காடைகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். "உங்களுக்குப் பொழுது போகும் லா, பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். எலி நுழையாத சின்னக் கண்ணிக் கம்பிவலை, எச்சம் கீழே விழுகிற தட்டு, காற்று வீசுகிற பக்கத்துக்குத் தார்ப்பாய், குளித்துப் புரள ஒரு தட்டு மணல். வெளிச்சம் முக்கியம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் விளக்கு எரிந்தால்தான் முட்டை விடும். சத்தம் ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தால் இரண்டு நாள் முட்டை நின்றுபோகும். நாலு பெட்டைக்கு ஒரு சேவல், கூடினால் ஒன்றை ஒன்று கொத்திக் கண்ணைப் பிடுங்கிவிடும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் அவள் விஷயத்தைச் சொன்னாள். கம்பெனி அவளைப் பயிற்சிக்கு அனுப்புகிறது. தைவானில் இரண்டு வருடம். அவள் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

"நீங்க தனியாவா இருக்கப் போறீங்க? அதான் காடை இருக்கே பா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டியைக் கொண்டுவந்த அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டிருக்கிறாள். பெற்ற மகள், தான் இருந்த இடத்தில் இருபது காடையை வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். வயிறு எரிந்தது, சார்ஜன். அதை மறைக்க மாட்டேன்.

நெஞ்சு வலி மூன்றாம் தடவையும் வந்தது. இந்தத் தடவை அவள் பதறவில்லை. லீவு போட்டு நேரே இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னென்னமோ ஒட்டி, ஓட வைத்து, படம் எடுத்தார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, நூறு வயசு இருப்பீங்க என்றார். காரில் வரும்போது அவள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது.

அதே வாரம் கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு பெட்டை என் கையைத் தட்டிவிட்டுப் பறந்தது. செம்பனைக்குள்ளே போய் மறைந்தது. சாயங்காலம் வரைக்கும் தேடினேன். மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் அதன் இறகு மட்டும் கிடந்தது, மூசாங் பூனை தின்றிருக்கும். மனசு ஆறவில்லை. மீதி இருந்ததற்கெல்லாம் சிறகு நறுக்கினேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் நறுக்கக் கூடாது. இரண்டும் சமமாக இருந்தால் தத்தித் தத்தியாவது பறந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நறுக்கினால் கொஞ்சம் எழும்பும், சாயும், விழும். விழுந்து எழுந்து தீனியைப் பார்த்துப் போய்விடும். வலிக்காது. நகம் வெட்டுகிற மாதிரிதான்.

மோட்டாருக்கும் பிரேக் இரண்டு.

நான் ஒன்றும் ஆத்திரத்தில் செய்யவில்லை. பல நாள் யோசித்தேன். மத்தியான ஷிப்டுக்கு அவள் வீட்டிலிருந்து மோட்டாரில், பெரிய சாலை பிரிகிற சிம்பாங் வரைக்கும்தான் போவாள். அங்கே மோட்டாரைக் கடை ஓரம் நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவாள். சிம்பாங்குக்குப் போகிற வழி செம்மண் பாதை. வேகமாகப் போக முடியாது. மதகுப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது, அங்கேதான் எல்லோரும் முன் பிரேக்கைப் பிடிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சறுக்கும். கணுக்கால் பிசகும், மிஞ்சிப் போனால் ஒரு எலும்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு. விமானத்துக்கு இருந்தது மூன்று வாரம். கம்பெனிக்காரன் வேறு ஆளை அனுப்பிவிடுவான். அந்த ஆறு வாரத்துக்கும் நான் லீவு எடுக்க வேண்டியதில்லை, வீட்டில்தானே இருக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு அவள் குளிக்கப் போனதும் முன் சக்கரத்துப் பிரேக் கம்பியை அவிழ்த்தேன். லோகன் நன்றாக முடுக்கியிருந்தான், எனக்கு மணிக்கட்டு வலித்தது. பின் பிரேக்கைத் தொடவில்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். முட்டை.

கூட வேலை செய்கிற பெண்களுக்குக் காடை முட்டை கொண்டுபோகட்டுமா என்று முந்தின நாளே கேட்டிருந்தாள். அன்று எனக்கு அவளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. ஐம்பது முட்டையை ஒவ்வொன்றாகத் துடைத்து, தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டுக் கட்டினேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, பா, நேரமாகுது, பஸ் போயிரும் என்று இரண்டு தடவை சொன்னாள். இரு மா, ஒன்று உடைந்தால் எல்லாம் நாறிவிடும், பார்த்துப் போ, மெதுவாகப் போ என்றேன். தகப்பன் சொல்வதுதானே.

அவளும் சொன்ன பேச்சைக் கேட்டாள். முட்டை உடையக் கூடாது என்று வளைவில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடை வேகத்தில் போயிருக்கிறாள். முன் பிரேக்கைப் பிடிக்கவே இல்லை. விழவில்லை. சிம்பாங்கில் பஸ் போய்விட்டிருந்தது. ஷிப்டுக்குப் பிந்தக் கூடாது என்று மோட்டாரிலேயே கூலிமுக்குக் கிளம்பிவிட்டாள். பெரிய சாலையில், சிக்னலில் நின்ற ஒரு செம்பனைக் குலை லோரியின் பின்னால் போய் இடித்தாள்.

எனக்குப் போன் வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகையைப் பார்த்த தாதி ஒருத்தி எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தைவானுக்கு வேறு ஒரு பெண் போனாள்.

இனி நான் சொல்லப் போவதை நீங்கள் வீட்டுக்கு வந்தே பார்க்கலாம். ஐந்து வாரம் கழித்து அவளைக் கூட்டிவந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பின்னறையை அவளுக்கென்று மாற்றியிருந்தேன். கட்டிலின் காலை அறுத்துத் தாழ்த்தினேன், உருண்டாலும் அடிபடாது. இரண்டு பக்கமும் கம்பி. ஜன்னலுக்கு வலை. போன் சத்தம் அவளைப் பதறவைத்ததால் அதைச் சமையல்கட்டில் வைத்துவிட்டேன். நாய் கீய் நுழையாமல் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, வெந்நீர், துணி மாற்றுவது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. முதல் வாரம் அழுதாள். பிறகு பழகிவிட்டாள்.

கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. அவள் வந்தால் இழுத்து, மடக்கி, பிள்ளையைக் கத்தவைப்பாள். நாங்கள் தைப்பிங்குக்குக் குடிபோகிறோம் என்று போனில் சொல்லிவிட்டேன்.

ஏழாவது வாரம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"பா, விரல் அசையுது. வலது கால். பாருங்களேன் பா."

பார்த்தேன். கட்டைவிரல் அசைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அசைத்தாள். கண் இரண்டும் எப்படி மின்னியது தெரியுமா, பத்து வயதில் பரிசு வாங்கிய அன்று பார்த்த முகம். எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அது நரம்பு சும்மா துடிக்கிறது மா," என்றேன். "டாக்டர் அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு. நம்பி ஏமாந்துராத."

"அப்ப நடக்க முடியாதா, பா?"

முடியாது என்று தலையை ஆட்டினேன். கஞ்சியைத் துடைத்துவிட்டேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அசைவு வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வா என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். நடந்தால் மறுபடியும் கிளம்புவாள், மறுபடியும் எங்கேயாவது போய் இடிப்பாள். இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. அதன் பிறகு அவள் விரலைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த ஒரு மாதம் மாதிரி நிம்மதியான காலம் எனக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேமலா என்று ஒருத்தி, அவளோடு வேலை செய்கிறவள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நான் கொல்லையில் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அவளே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வருவதற்குள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பிரேமலா விரலைப் பார்த்துவிட்டாள். காரில் இருந்த தன் அண்ணனைக் கூப்பிட்டு என் பிள்ளையைத் தூக்கச் சொன்னாள். நான் குறுக்கே நின்றேன். "நகருங்க அங்கிள்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் மரியாதை. நாலு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நோயாளியே அப்படிக் கேட்டுக்கொண்டாளாம்.

அதற்குத்தான் சார்ஜன், நான் இன்று இங்கே வந்தது. நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இனி என் புகாரை எழுதுங்கள். பிரேமலா என்கிற பெண், பெற்றவன் சம்மதம் இல்லாமல், நடக்க முடியாத என் மகளை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் விருப்பப்பட்டுத்தானே போனாள் என்று கேட்கிறீர்கள். காரில் ஏற்றும்போது ஷாமளா சிரித்தாள், அது வாஸ்தவம்தான். அது பயத்தில் வந்த சிரிப்பு. பெற்றவனுக்குத் தெரியாதா?