ஒவ்வொரு வரிக்கும் வசனம்

— மணி ஆறே முக்கால் அண்ணி. ஏழுக்கு ரிகர்சல். ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா ஓடிடுவேன்.

— ஓடறவனுக்கு எதுக்குடா பாட்டு? உட்காரு. அந்தக் குளுக்கோஸ் பெட்டி மேல உட்காராத, அமுங்கிடும். ஸ்டூல் இருக்கு பார்.

— வாசிச்சிட்டீங்கதானே?

— வாசிச்சேன். மறுபடியும் வாசிச்சேன்.

— அப்புறம் என்ன?

— அதான் சந்தேகம். ஒரு வரியிலகூட கை வைக்க முடியல.

— அதுக்குச் சந்தோஷம்தானே படணும்?

— போன பாட்டுல என்ன எழுதினே? 'என் இதயத்தின் பேட்டரி நீரே.'

— எலக்ட்ரீஷியன் வேற என்ன எழுதுவான்?

— அதுக்கு முந்தினது இன்னும் மோசம். 'நீர் பேசாத இரவில் தூக்கமில்லை, உம் தோளில் சாயணும்.' இது ஆண்டவருக்கா, எதிர் வீட்டுப் பொண்ணுக்கான்னு ஒரு வார்த்தை கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு வாரம் போனை எடுக்கல நீ.

— சபையில உங்களை எல்லாரும் செக்போஸ்ட்னு சொல்றாங்க, தெரியுமா?

— சொல்லட்டும். ஜனங்க பிரசங்கத்தை வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடுவாங்க. பாட்டை மறக்க மாட்டாங்க. பாத்திரம் கழுவறப்ப பாடுவாங்க, பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவாங்க. தப்பா ஒரு வரி உள்ள போயிடுச்சுன்னா பிடுங்கி எடுக்க முடியாது. போதகர் இந்த வேலையை என்கிட்ட கொடுத்ததே அதுக்குத்தான். வரிக்கு வரி ஓரத்துல வசனம் இருக்கணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை சபைத் திரையில பாட்டு ஏறாது.

— இதுல எல்லா வரிக்கும் இருக்கே.

— இருக்கு. ஒவ்வொண்ணையும் வேதத்துல எடுத்துப் பார்த்துட்டேன், வார்த்தைக்கு வார்த்தை நிக்குது. நீ கெஞ்சினாலும் வசனம் தேடாதவன். யார் எழுதினது?

— ட்யூன் என்னோடது.

— ட்யூனைக் கேட்கல. இரு, மருந்து வாங்க ஆள் வந்திருக்கு.

— மேடம், இந்தச் சீட்டுல இருக்கற மாத்திரை வேணும்.

— கொடுங்க. யாருக்கு?

— எனக்குத்தான்.

— உங்களுக்கு எழுபத்தி ரெண்டு வயசா?

— அது அப்பாவுக்கு எழுதினது மேடம். எனக்கும் அதே முட்டி வலிதான்.

— வலி அதே வலியா இருக்கலாம். ஆள் அதே ஆள் இல்லையே. டாக்டரைப் பார்த்து உங்க பேர்ல எழுதி வாங்கிட்டு வாங்க.

— எல்லாக் கடையிலயும் தர்றாங்க.

— அங்கேயே வாங்கிக்குங்க.

— பாவம் அண்ணி. திட்டிக்கிட்டே போறார். கொடுத்திருந்தா என்ன, அதே மாத்திரைதானே?

— மாத்திரை சரிதான். யாருக்குன்னு எழுதினாங்களோ... இரு. அந்தத் தாளை எடு.

— மறுபடியுமா?

— பாட்டை விடு. ஓரத்துல இருக்கறதை மட்டும் வாசி.

— யோபு நாலு, ஏழு. அஞ்சு, ஆறு. அஞ்சு, பதினெட்டு. எட்டு, ஏழு. பல்லவிக்குப் பதினொண்ணு, ஆறு. எல்லாம் யோபுதான். ஏன், யோபு வேதத்துல இல்லையா?

— யோபு வாயைத் திறந்து பேசின வரி இதுல ஒண்ணுகூட இல்லடா. நாலும் அஞ்சும் அவனோட ஒரு நண்பன். எட்டு இன்னொருத்தன். பதினொண்ணு மூணாவது ஆள். பிள்ளைங்களை மொத்தமாப் பறிகொடுத்துட்டு சாம்பல்ல உட்கார்ந்திருக்கான் அவன். துக்கம் விசாரிக்கப் போனவங்க, நீ என்னமோ பண்ணியிருக்கே, அதான் இப்படின்னாங்க. அந்தப் பேச்சு இது பூரா.

— அதனால என்ன? வேதத்துல இருக்கறது சரியாத்தானே இருக்கும்?

— பிசாசு பேசினதும் அதுலதான் இருக்கு. கித்தார் வெச்சுப் பாடுவியா? கடைசி அதிகாரத்துல ஆண்டவர் அந்த மூணு பேர் மேலயும் கோபப்பட்டு, நீங்க என்னைப் பத்தி சரியாப் பேசலன்னு சொல்லிட்டார்.

— அப்ப 'தொடக்கம் சிறிதெனினும் முடிவு பெரிதாகும்'? அது தப்பா? உங்க கல்லாவுக்கு மேலயே மாட்டியிருக்கீங்களே, தங்க எழுத்துல.

— தெரியுது. வாயை மூடு.

— கழட்டிடட்டுமா? ஸ்குரூ டிரைவர் கையிலதான் இருக்கு.

— விளையாடாத. வார்த்தை அழகாத்தான் இருக்கு. யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்துல சொன்னாங்கறதுதான் விஷயம். நான் வார்த்தை இருக்கான்னு மட்டும் பார்த்தேன். இத்தனை வருஷமா அப்படித்தான் பார்த்திருக்கேன். இந்த ஓட்டை எனக்கே தெரியாது. யாருக்கோ தெரிஞ்சிருக்கு.

— தெரியாம எழுதியிருக்கலாமே.

— தெரியாம எழுதினா யோபு பேசினது ஒண்ணாவது தப்பித் தவறி வந்து விழுந்திருக்கும். கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கியிருக்காங்க. யார்? அந்த டிரம்ஸ்காரனா? அவனுக்கு என் மேல ரொம்ப நாளா கடுப்பு.

— அவன் இல்ல.

— அப்ப பக்கத்துச் சபையிலிருந்து யாராவது கொடுத்து விட்டாங்களா? நம்ம சபையைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்க?

— யாரும் கொடுத்து விடல அண்ணி. வீட்டுல எழுதினதுதான்.

— உன் வீட்டுலயா? என் ஓரகத்தியா எழுதினா?

— ஆமா.

— சபை வாசலையே மிதிக்காதவ.

— குழந்தை போனதுக்கப்புறம் மிதிக்கல. அதுக்கு முன்னாடி உங்க பக்கத்துலதான் உட்காருவா. போன வாரம் தானா இந்தத் தாளை நீட்டினா. 'ட்யூன் போடு. இதை ஞாயித்துக்கிழமை பாடினா நான் வரேன்'னா. நான் ஒரு கேள்வி கேட்கல. அவ வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனை மாசமாச்சு! அன்னைக்கே ட்யூன் போட்டேன். எல்லாரும் கைதட்டற மாதிரி.

— கைதட்டற மாதிரியா?

— அவதான் அப்படி வேணும்னா.

— புரிஞ்சுதா உனக்கு? சபை மொத்தமும் கைதட்டிப் பாடணும். இவ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும்.

— அவ அப்படிப்பட்டவ இல்ல.

— எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. இது ஏறாது.

— அண்ணி, நீங்க பாட்டை அடிச்சிட்டீங்கன்னா அவ வரமாட்டா. நாளைக்கு வரலன்னா அப்புறம் எப்பவும் வரமாட்டா. தனி ரூம்ல படுக்கறா. சாப்பாடு போட்டு மூடி வெச்சிட்டுப் போயிடறா. நாளைக்கு என் பக்கத்து நாற்காலியில வந்து உட்காருவாங்கறதை நம்பித்தான் இந்த வாரம் ஓடிச்சு எனக்கு.

— அதுக்காக விஷத்தைத் திரையில ஏத்த முடியுமா? நீயே பார். 'மண்ணில் தானாய் முளைப்பதில்லை துன்பம்.' எங்கே போய்ப் பிடிச்சா இதை?

— எங்கேயும் போகல.

— என்ன?

— இதை நான் கேட்டிருக்கேன். எங்க வீட்டு ஹால்ல. நம்ம சபைப் பொருளாளர் அண்ணன் சொன்னார். 'காரணமில்லாம எதுவும் வராது தம்பி, வயித்துல பிள்ளையோட சில ஞாயித்துக்கிழமை சபைக்கு வராம ஷிஃப்டுக்குப் போனது யாருன்னு யோசிங்க'ன்னார். அவ சமையல்கட்டுல டம்ளர் கழுவிக்கிட்டிருந்தா. குழாய்ச் சத்தம் நின்னுது.

— பேச்சுவாக்குல சொல்லியிருப்பார்.

— 'குற்றமில்லார் அழிந்ததுண்டோ.' இது போதகரோட வீட்டம்மா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு. 'காயம் தந்தவரே கட்டுவீர்', எங்க அம்மா. 'தொடக்கம் சிறிதெனினும்', போதகரே சொன்னார், அடுத்த குழந்தை நல்லபடியாப் பிறக்கும்னு. குழந்தையைப் புதைச்சிட்டு வந்த சட்டையைக்கூட நான் மாத்தல அப்ப.

— எல்லாரும் ஆறுதலுக்குச் சொன்னதுடா.

— அவளும் ஆறுதலுக்குச் சொன்னதாத்தான் எழுதியிருக்கா. கூடக் குறைய ஒண்ணும் சேர்க்கல. ஒவ்வொண்ணும் வேதத்துல எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சிருக்கா. ராத்திரி லைட் எரியும். வேதம் வாசிக்கறாளேன்னு சந்தோஷப்பட்டேன் நான்.

— சரி. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். போதகர் வரைக்கும் போக வேண்டாம். நான் மெதுவாப் பேசிக்கறேன் அவகிட்ட. தாளைக் கொடு, கிழிச்சிடலாம்.

— பேசறது அப்புறம். ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல.

— ஏழாயிடுச்சு. காத்துக்கிட்டிருப்பாங்க, கிளம்பு.

— இருக்கட்டும். பல்லவி. 'தகுதிக்குக் குறைவாய்த் தண்டித்தீர், நன்றி ஐயா.' வீட்டுக்கு வந்த யாரும் இதைச் சொல்லல. எல்லார் பேச்சையும் நான் கூடவே இருந்து கேட்டேன்.

— பாட்டுன்னா பல்லவி வேணுமேன்னு அவளே சேர்த்திருப்பா.

— மத்ததெல்லாம் காதால கேட்டது, பல்லவி மட்டும் சொந்தச் சரக்கா? ஆஸ்பத்திரியில குழந்தையோட உடம்பை வாங்கறதுக்கு நான் கீழே போனேன். அவ கட்டில் பக்கத்துல ஒரே ஒரு ஆள்தான் இருந்தாங்க. நான் திரும்பி வந்தப்ப அவ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தா. அதுக்கப்புறம் அந்த ஒருத்தர் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறா. நான் இல்லாதப்ப அவகிட்ட என்ன சொன்னீங்க அண்ணி?