ஒலவி வரைஞ்ச என் வீட்டு வாசல்

இல்ல தம்பி, லைட்டெல்லாம் வேண்டாம். படத்தை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்க. ஆங், இப்பத் தெரியுதா? ஒம்போது பிர்ச் மரம். நீங்க காரை நிறுத்தினீங்களே, அதே மரங்கதான். இலை இவ்வளவு மஞ்சளா இருக்குமான்னு உங்க மியூசியத்துல கேக்குறாங்களாக்கும்? செப்டம்பர் கடைசியில வந்து பாக்கச் சொல்லுங்க. ஒலவி மஞ்சள்ல கஞ்சத்தனம் பண்ணிட்டாருன்னு சொல்வாங்க.

ஒலவி ஏரிக்கு அந்தக் கரையில தனியா இருந்தவர். கல்யாணமே பண்ணிக்கல. பேச்சா? நல்லாக் கேட்டீங்க. வருஷத்துக்கு ரெண்டு வார்த்தை பேசுவார், அதுல ஒண்ணு மழையைப் பத்தி இருக்கும்.

எது, கதவுகிட்ட அந்தக் கோடா? அது விளக்கமாறு தம்பி. நீங்க ஹெல்சின்கியில வளர்ந்தவரு, அதான் தெரியல. இந்தப் பக்கம் கதவுல விளக்கமாறு சாத்தியிருந்தா வீட்டுல ஆள் இல்லன்னு அர்த்தம். புகைபோக்கியில புகை வந்தாலும் விளக்கமாறைத்தான் நம்புவாங்க. கதவைத் தட்டவே மாட்டாங்க.

இந்தப் படம் வரைஞ்ச வருஷம் ஆகஸ்ட்லதான் எங்க வீட்டுக்காரர் மார்த்தி போய்ச் சேர்ந்தார். ஊரே ஏலக்காய் ரொட்டியோட வந்துச்சு. வந்து, தலையைச் சாய்ச்சு, என்னையே பாவமாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்கா, பத்திக்கிட்டு வரும். அப்புறம் கதவுல விளக்கமாறு ஏறிடுச்சு. இந்த ஹில்க்கா அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டான்னு ஊர்ல நினைச்சுக்கிட்டாங்க.

அப்பத்தான் ஒலவி படகுல வந்தார். வாசலைப் பாத்தார். சட்டுனு திரும்பிப் போகல. முக்காலியைப் போட்டு வரைய ஆரம்பிச்சுட்டார். பதினோரு நாள் தம்பி. தினம் காலையில படகைக் கட்டுவார், கதவைப் பாப்பார், உக்காருவார். மத்தியானம் காகிதத்தைப் பிரிச்சு ரொட்டியும் மீனும் தின்பார். ஒரு நாள் நல்ல மழை. கோட்டைக் கழட்டிப் படத்துமேல போத்திட்டு, இவரு நனைஞ்சுக்கிட்டு நின்னாரு.

எனக்கு எப்படித் தெரியுமா?

அது கிடக்கட்டும். தலைப்பு கேட்டீங்கள்ல, பின்பக்கம் பாருங்க. அவர் கையெழுத்துதான். ‘ஹில்க்கா வர்ற வரைக்கும்’னு எழுதியிருக்கார். போன வசந்தத்துல அவர் அடக்கம் முடிஞ்சு, அண்ணன் மகன் கொண்டாந்து குடுத்தான். அதுவரைக்கும் மனுஷன் மரத்துக்காக வந்தார்னுதான் நினைச்சிருந்தேன். பத்தொம்பது வருஷம். கடையில பாத்தாத் தலையை ஆட்டிக்குவோம், அவ்வளவுதான்.

சரி, கேட்டுட்டீங்க. படத்துல இடது ஜன்னல் இருக்குல்ல, அந்தத் திரைக்குப் பின்னாலதான் நின்னேன். எங்கயும் போகல. தினம் ரெண்டு பேருக்குக் காபி போட்டேன். கதவு வரைக்கும் போவேன். இப்ப வெளியில வந்தா, இத்தனை நாளும் உள்ளதான் ஒளிஞ்சிருந்தான்னு ஆயிடுமே. வெட்கம் புடுங்கித் தின்னுச்சு. திரும்பிடுவேன்.

பன்னெண்டாம் நாள் விடியக்காலையில எழுந்து விளக்கமாறை எடுத்துட்டேன் தம்பி. தலைகூட வாரிக்கிட்டேன். அதுக்குள்ள படம் முடிஞ்சுபோச்சு போல. அவர் வரல.